குளக்கரையில் நிற்பது தைலமரமா, மருதமரமா? ஒரு பக்கக் கிளை பட்டுவிட்டது, வெட்டச் சொல்கிறார்கள்

குளக்கரை செல்வி
ஜூன் 9

வணக்கம். கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் பால்வாடி டீச்சர். எங்கள் மையத்துக்கு எதிரே ஊர்க்குளம், அதன் கரையில் ஒரு பெரிய மரம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அடிமரம் வெளிர் சாம்பல். காலை வெயில் படும்போது வெள்ளை என்றே சொல்லலாம். தடவினால் வழவழப்பு. பட்டை அப்பளம் அப்பளமாகக் கழன்று விழும், விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தெரியும். நேற்று சாயங்காலம் என் சேலையை நெஞ்சு உயரத்தில் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு முழம் மிஞ்சியது. சாலைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து இருக்கிறது, அதில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று குடியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வரும் அம்மாக்கள் இந்த நிழலில்தான் நிற்பார்கள்.

என் மாமியார் இதை மருது என்பார். அவர் போய்ச்சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. போன மாதம் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது தைலமரத்தில் ஒரு வகை, தண்ணீரை உறிஞ்சும், அந்நிய மரத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அதிலிருந்து வெட்டும் பேச்சு ஆரம்பித்தது. அதற்குத் தோதாகக் குளத்துப் பக்கம் ஒரு பெரிய கிளை இந்த வருஷம் துளிர்க்கவே இல்லை. பொந்து வேறு இருப்பதால் உள்ளே உளுத்துவிட்டது, பிள்ளைகள் தலையில் விழும் என்கிறார்கள்.

இன்னொரு பக்கம், சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் மரத்தைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டிப் பிள்ளையார் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். அப்படியாவது மரம் பிழைக்கட்டும் என்று எனக்கும் தோன்றுகிறது.

இது என்ன மரம்? பட்ட கிளையால் ஆபத்து எவ்வளவு? மேடை கட்டலாமா? ஆகஸ்ட் 15 கிராம சபையில் இது வருகிறது. அதற்குள் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.


நிழல்விரும்பி
ஜூன் 9

பட்டை வழவழப்பு, கழன்று விழும் என்கிறீர்கள். பூமருதாக இருக்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் ஊதா நிறத்தில் கொத்தாகப் பூத்ததா என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் நம் நாட்டு மரம்தான்.


தாமிரபரணிக்காரன்
ஜூன் 9

பூமருது இவ்வளவு பருப்பது அபூர்வம். மேலும் டீச்சர் ஊதாப்பூவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அப்படிப் பூத்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பார். என் கணிப்பு நீர்மருது. ஆனால் கணிப்பை வைத்துக்கொண்டு கிராம சபையில் பேச முடியாது, கையில் காட்ட ஏதாவது வேண்டும். அக்கா, ஐந்து நிமிட வேலைதான். மரத்தடிக்குப் போய் இவற்றைப் பாருங்கள்.

முதலில் கீழே கிடக்கும் காய். போன பருவத்துக் காய்கள் இப்போதும் கிடக்கும். நீர்மருதங்காய் ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் நீளம், மரம் போலக் கெட்டி, நீளவாக்கில் ஐந்து இறக்கை. குறுக்கே பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். தைலமரத்துக் காய் சின்னக் கிண்ணம் போல இருக்கும். பூமருதுக்கு உருண்டைக்காய், முற்றினால் வெடித்துப் பிளக்கும். ஐந்து இறக்கைக் காய் ஒன்று கிடைத்துவிட்டால் தைலமரப் பேச்சு அன்றோடு முடிந்தது.

அப்புறம் இலை. ஒன்றைக் கசக்கி முகருங்கள். தைலமரம் என்றால் தைலம் மணக்க வேண்டும். நீர்மருது இலை கொய்யா இலையைவிட நீளம், ஏறக்குறைய எதிரெதிராக இருக்கும். காம்பு இலையோடு சேருமிடத்தில் கடுகு போல இரண்டு சின்ன மொட்டு துருத்திக்கொண்டிருக்கும். அதை நகத்தால் தடவினாலே தெரியும்.

பட்டையிலும் வித்தியாசம் உண்டு. தைலமரம் நாடா நாடாவாகக் கிழிந்து தொங்கும். நீர்மருது நீங்கள் எழுதியபடி அப்பளமாகத்தான் கழலும். இதன் அண்ணன் தம்பி கருமருது. அதற்கும் ஐந்து இறக்கைக் காய்தான், ஆனால் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி வெடித்துக் கிடக்கும். ஆகவே அந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அருகிலிருக்கும் திருப்புடைமருதூரில் ஆற்றோரம் மருதும் இலுப்பையும் ஓங்கி நிற்கும். கொக்கும் நாரையும் அதில் கூடு கட்டும். ஊர் மக்களே பாதுகாத்து வந்ததால் 2005-ல் அதைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். கோயிலுக்கும் தலமரம் மருதுதான். ஸ்ரீசைலம் தலைமருது, உங்கள் பக்கத்துத் திருவிடைமருதூர் இடைமருது, எங்கள் பக்கத்துத் திருப்புடைமருதூர் கடைமருது என்பார்கள். திருவிடைமருதூருக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் மருதை அந்நிய மரம் என்று சொல்லிவிட்டார்களே என்று படித்ததும் மனது கஷ்டப்பட்டது.

இன்னொன்றும் பாருங்கள். அடிமரத்தில் எங்காவது பட்டையை வெட்டி எடுத்த தடம் இருக்கிறதா? நெஞ்சுவலிக் கஷாயத்துக்கு மருதம்பட்டை என்று ஊருக்கு ஊர் உரிக்கிறார்கள்.


ஏணிக்காரர்
ஜூன் 10

டீச்சர், வணக்கம். இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு கட்டி மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் என் தொழில். மரத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் சில காரியங்கள் காத்திருக்கக் கூடாதவை.

இன்றைக்கே பட்ட கிளைக்குக் கீழே கயிறு கட்டி ஆளை ஒதுக்குங்கள். அம்மாக்கள் அடுத்த பக்க நிழலில் நிற்கட்டும். பட்ட கிளை காற்றுக்குத்தான் விழும் என்றில்லை, காற்றே இல்லாத மத்தியானத்தில் முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரு கிளையின் ஆபத்து. அதற்காக மரத்தையே வெட்டுவது, பல் வலிக்குத் தலையை எடுப்பது மாதிரி.

பொந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரத்தின் நடுவே இருக்கும் வைரம் உயிரில்லாத கட்டை. தண்ணீரும் சாப்பாடும் போவது வெளிவட்டத்தில். உள்ளே காலியாக இருந்தாலும் சுற்றிலும் கனமான சுவர் இருந்தால் மரம் குழாய் போல நிற்கும். அடிமரக் குறுக்களவில் பாதி எவ்வளவோ, அதில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று சத்தம் சொல்லிவிடும். கவலைப்பட வேண்டியது வேறு: வேர்ப்பக்கம் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் புதிதாக வெடித்துத் தூக்கியிருக்கிறதா? இருந்தால் உடனே எழுதுங்கள். யாராவது பொந்தில் சிமெண்ட் அடைக்கலாம் என்றால் விடாதீர்கள். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இடையில் ஈரம் தங்கி உளுப்பு இன்னும் வேகமாகப் பரவும். ஆந்தையும் போய்விடும்.

சரி, கிளை ஏன் பட்டது? அதுதான் எனக்கு முக்கியம். முழு மரமும் வாடாமல் ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்க வேருக்கு ஏதோ நடந்திருக்கிறது. இதைப் பார்த்துச் சொல்லுங்கள்: அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைப் பாதம் மாதிரி விரிந்து இறங்க வேண்டும். எந்தப் பக்கமாவது விரியாமல், கரண்ட் கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் போகிறதா?

மேடையைப் பற்றி அதற்கு அப்புறம் சொல்கிறேன். அதுவரை ஒரு செங்கல் இறங்க விடாதீர்கள்.


குளக்கரை செல்வி
ஜூன் 12

தம்பி தாமிரபரணிக்காரன், காய் கிடைத்துவிட்டது. ஒன்றல்ல, ஒரு முறம் நிறைய. ஐந்து இறக்கை. எங்கள் பிள்ளைகள் இதை இத்தனை நாளும் 'பம்பரம்' என்று பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள், நான்தான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இலையைக் கசக்கினேன், வெறும் பச்சை வாசம். காம்பில் இரண்டு மொட்டும் இருக்கிறது. நிழல்விரும்பி, ஊதாப்பூ பூத்ததில்லை. இப்போது வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னக் கதிராகப் பூத்திருக்கிறது, காலையில் தேனீச் சத்தம் மையம் வரைக்கும் கேட்கிறது. மாமியார் சொன்னதுதான் சரி.

பட்டை வெட்டிய தடமும் இருக்கிறது. தெற்குப் பக்கம் இரண்டு கை அகலம், முழங்கை நீளம். ஓரமெல்லாம் உதடு மடிந்தது போல உருண்டு வந்திருக்கிறது.

ஏணிக்காரர் ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்க்கப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சாலைப் பக்கம் பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு வேர் விரிந்து இறங்குகிறது. குளத்துப் பக்கம் ஒன்றுமே இல்லை, கம்பம் மாதிரி நேரே உள்ளே போகிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளத்தைத் தூர்வாரினார்கள். பொக்லைன் வாரிய களிமண்ணையெல்லாம் கரையில் கொட்டி, அதன் மேலேயே ஏறி இறங்கிச் சமப்படுத்தினார்கள். குளம் ஆழமாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கம்பியைக் குத்திப் பார்த்தேன், எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை, இறுகிக் கிடக்கிறது. பட்ட கிளை சரியாக அந்தப் பக்கம். காளான் இல்லை, மண் வெடிப்பும் இல்லை.


வயல்வெளி மணி
ஜூன் 12

ஒரு சந்தேகம். நீர்மருது ஆற்றங்கரை மரம். காவிரி வெள்ளத்தில் கழுத்தளவு நின்றுவிட்டுத் திரும்பத் துளிர்க்கும் மரம். வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போடத்தான் செய்கிறது. மேலே மண் ஏறியதற்கா கிளை படும்? எனக்கு ஒப்பவில்லை.


ஏணிக்காரர்
ஜூன் 13

மணி சார் கேட்டது நல்ல கேள்வி. வெள்ளம் போடும் வண்டல் ஒரு வருஷத்துக்கு விரல்கடை அளவு. மரம் அதற்கு ஏற்ப மேலே புது வேர் விட்டுக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் மண்ணில் காற்று புகும். இங்கே நடந்தது அப்படியில்லை. குளத்தின் அடிக்களிமண்ணை ஒரே வாரத்தில் கொட்டி, பல டன் எடையுள்ள இயந்திரம் மிதித்திருக்கிறது. மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அதுவும் மூச்சு விடும். அந்த இரண்டடியை அடியில் போட்டு மேலே களிமண்ணால் மூடி மெழுகிவிட்டார்கள். மண் பட்டுக்கொண்டே இருப்பதால் அடிப்பட்டையும் ஈரத்தில் ஊறி அழுகும். இதெல்லாம் கொட்டிய வருஷமே தெரியாது. இரண்டு, மூன்று, ஐந்து வருஷம் கழித்துத் தெரியும். அதனால்தான் யாரும் அந்த மண்ணோடு இதை முடிச்சுப் போடுவதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மரத்தைப் பார்க்கப் போனால் மேலே அண்ணாந்து பார்க்கவே மாட்டார். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அடியைச் சுற்றி நடப்பார். எங்கே மண் இறுகியிருக்கிறது, எங்கே பொதபொதவென்று இருக்கிறது என்று கால் சொல்லும் என்பார். நோய் மேலே தெரியும், காரணம் கீழே இருக்கும். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

டீச்சர், மண்ணை எடுக்க வேண்டும். எப்படி என்பதுதான் முக்கியம். பொக்லைன் கரையிலேயே ஏறக் கூடாது. கடப்பாரை வேண்டாம். மண்வெட்டியைப் படுக்கையாகப் பிடித்துச் சீவி எடுக்கச் சொல்லுங்கள், மரத்தை நெருங்கியதும் களைக்கொட்டும் கையும்தான். இரண்டு வருஷத்தில் நூல் வேர்கள் இந்தப் புது மண்ணுக்குள்ளும் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் அவை வெயிலில் கருகும். முதலில் அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர். திறந்த இடத்தில் நனைத்த கோணிச்சாக்கைப் போட்டு, மேலே உதிர்ந்த மருத இலையை நாலு விரல்கடை பரப்புங்கள். இலை அடிமரத்தில் ஒட்டக் கூடாது, ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அடுத்த இரண்டு மீட்டர். குளத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் முதல் வட்டம் முடிந்தால் நல்லது. பழைய தரை எது என்று தோண்டும்போது தானாகத் தெரியும், மண்ணின் நிறம் மாறும்.

கிளையை எடுக்க, கயிறு கட்டி ஏறத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும். அடிமரத்தோடு கிளை சேருமிடத்தில் வீங்கின மடிப்பு ஒன்று வளையம் போல இருக்கும். அந்த வளையத்தை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். முதலில் ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து மேலாக ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியாக மிச்சக் கட்டையை மடிப்புக்கு வெளியே அறுக்கலாம். வெட்டுவாயில் தார், பெயிண்ட், சாணி எதுவும் பூச வேண்டாம். முன்பெல்லாம் நாங்களும் தார் பூசினோம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் காட்டினார். அந்த மடிப்புதான் சுவர் எழும் இடம். உங்கள் பட்டைக் காயத்தில் உதடு மடிந்தது போல இருக்கிறது என்றீர்களே, அது நல்ல அடையாளம். மரம் மூடிக்கொண்டு வருகிறது. இனிமேல் யாரும் உரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி முழு வளையமாக உரித்துவிட்டால் இலை சமைத்த சாப்பாடு வேருக்குப் போகாது, எவ்வளவு பெரிய மரமும் செத்துவிடும்.

மேடைக்கு வருகிறேன். வேண்டாம். மூன்றடி உயரம் என்றால் உள்ளே மண் நிரப்புவார்கள். ஒரு பக்கம் நடந்த கொலையை நாலு பக்கமும் செய்வதுதான் அது. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போது வேர் வேறு அறும். உங்கள் சேலைக் கணக்குப்படி சுற்றளவு 5 மீட்டர், குறுக்களவு 1.6 மீட்டர். குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அது 19 மீட்டர் வருகிறது. பிரிட்டனில் கட்டடம் கட்டும்போது பார்க்கும் தரநிலைகூட இதே 12 மடங்கைத்தான் சொல்கிறது, உச்சவரம்பு 15 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 15 மீட்டருக்குள்ளாவது தோண்டுவது, கொட்டுவது, வண்டி நிறுத்துவது, குப்பை எரிப்பது எதுவும் வேண்டாம். சிங்கப்பூர்க்காரர் மனது நோக வேண்டாம். குழி தோண்டாமல் தரைமேல் வைக்கிற கருங்கல் பெஞ்சு நாலைந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். பிள்ளையாரையும் ஒரு கல்லின் மேல் வைக்கலாம், அவருக்கு மரத்தடி போதும்.


தாமிரபரணிக்காரன்
ஜூன் 13

அக்கா, கிராம சபைக்கு ஒரு தகவல். குளத்துப் புறம்போக்கு பொது நிலம். அங்கே நிற்கும் மரத்தை ஊரில் தீர்மானம் போட்டு மட்டும் வெட்டிவிட முடியாது. கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அதற்கு எழுதி, பார்வையிட்டு, அனுமதி கொடுத்தால்தான். நீங்களே முந்திக்கொண்டு ஒரு மனு கொடுத்துவிடுங்கள். காயையும் இலையையும் வெள்ளைத்தாளில் வைத்துப் படம் எடுத்து இணையுங்கள். ஒரு நூல் கண்டை மரத்தில் சுற்றி, அந்த நூலையே சபைக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். ஐந்து மீட்டர் என்று சொல்வதைவிட அதைப் பார்த்தால் புரியும்.


குளக்கரை செல்வி
ஆகஸ்ட் 17

கிராம சபையில் பேசிவிட்டேன். இதற்கு முன்னால் அங்கே நான் எழுந்து நின்றதே இல்லை. முறத்தோடு காயைக் கொண்டுபோய் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மருதங்காய்தானே, எங்க அப்பா வண்டிக்கு இந்தக் கட்டைதான் போட்டார்" என்றார். அதற்கப்புறம் யாரும் தைலமரம் என்று சொல்லவில்லை. வெட்டும் பேச்சு நின்றது. மேடைக்குப் பதில் பெஞ்சு என்பதற்குச் சிங்கப்பூர்க்காரர் ஒத்துக்கொள்ள மூன்று போன் ஆயிற்று.

முதல் வட்டத்து மண்ணை ஜூலையிலேயே எடுத்தோம். மையத்துக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், அவர்களோடு நான்கு பேர். களிமண் செங்கல் மாதிரி வந்தது. இரண்டேகாலடி போனதும் ஐயா சொன்னபடி நிறம் மாறியது, சாம்பலிலிருந்து கறுப்புக்கு. அந்தக் கறுப்பு மண்ணின் மேல் ஒரு பரப்பு மருதங்காய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் உதிர்ந்தபடியே, இறக்கை உடையாமல் அப்படியே கிடந்தது. மண் எடுத்துக்கொண்டிருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டோம். அதற்குக் கீழே வேரின் தோள். பட்டை ஓரிடத்தில் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது, மற்ற இடம் கெட்டி. கிளையைக் கும்பகோணத்திலிருந்து வந்த ஆள் நீங்கள் சொன்ன மாதிரி துண்டு துண்டாக இறக்கினார். பொந்துப் பக்கம் போகவே இல்லை, ஆந்தை இருக்கிறது.


ஏணிக்காரர்
ஆகஸ்ட் 18

கறுத்த இடத்தைச் சுரண்ட வேண்டாம். காற்றுப் படட்டும், தானாகக் காயும். இரண்டாம் வட்டத்தை மழைக்குப் பிறகு, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் களிமண்ணில் ஆள் மிதித்தாலே இறுகும்.


குளக்கரை செல்வி
மே 21

இரண்டாம் வட்டமும் முடிந்து நாலு மாதம் ஆகிறது. குளத்துப் பக்கம் இன்னொரு சின்னக் கிளை மார்ச்சில் பட்டது, மனது உடைந்துபோனேன். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் கிளைகள் எல்லாம் சித்திரையில் துளிர்த்துவிட்டன. வெட்டிய கிளையின் வாயில் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு வளையம் உருண்டு வந்திருக்கிறது. நாலு கல் பெஞ்சு வந்து சேர்ந்தது.

ஒரு கேள்வி. மண் எடுத்த இடம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் போன வாரக் கோடை மழையில் தண்ணீர் தேங்கி இரண்டு நாள் நின்றது. குளத்துக்கு ஒரு வாய்க்கால் கீறி விடலாமா? வேர் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


ஏணிக்காரர்
மே 21

கீறலாம் டீச்சர். ஒரே ஒரு வாய்க்கால், ஒரு சாண் அகலம் போதும். மரத்தைச் சுற்றி வளைக்காமல், மரத்திலிருந்து நேரே குளத்தைப் பார்த்துப் போகட்டும். வேர் ஓடும் திசையும் அதுதான், குறுக்கே வெட்டினால்தான் நிறைய அறும். கையால் தோண்டுங்கள். கட்டைவிரலைவிடப் பருத்த வேர் குறுக்கிட்டால் அறுக்காமல் அதன் அடியிலேயே தண்ணீர் போக வழி விடுங்கள்.